லிப்போவை ஸ்டோரேஜ் வோல்ட்டுக்கு இறக்குவது: வாசகர் கேள்விகள்

கேள்வி: 6 எஸ் (ஆறு செல் தொடராக) 5000 எம்ஏஎச் லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி பேக். பி6 சார்ஜரில் டிஸ்சார்ஜ் 1 ஆம்பியர் என்று வைத்தாலும் 0.2-ஐத் தாண்டுவதில்லை. இரண்டு மணி நேரத்தில் தானாக நின்றும்விடுகிறது. சார்ஜர் பழுதா?

பதில்: பழுது இல்லை. ஐமேக்ஸ் பி6 வகை சார்ஜர் ஏற்றுவது 50 வாட்டில். இறக்குவதோ 5 வாட்டில்தான். இறக்கும் மின்சாரம் பெட்டிக்குள்ளேயே வெப்பமாகித் தீர வேண்டும் என்பதால் அதற்கு மேல் தாங்காது. 5 வாட்டை 24 வோல்ட்டால் வகுத்தால் நீங்கள் பார்க்கும் அதே 0.2 ஆம்பியர்.

செல்லுக்கு 4.20 வோல்ட்டிலிருந்து, பயன்படுத்தாமல் எடுத்துவைக்க ஏற்ற ஸ்டோரேஜ் வோல்ட்டான 3.85-க்கு வர, கொள்ளளவில் ஏறக்குறைய பாதியை எடுக்க வேண்டும். 2.5 ஆம்பியர்-மணி, 24 வோல்ட்: 60 வாட்-மணி. 5 வாட்டில் 12 மணி நேரம் ஆகும். சேஃப்டி டைமர் 120 நிமிடத்தில் இருப்பதால் பாதியில் நிற்கிறது. டைமரை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடாதீர்கள். 3 எஸ் 2200 பேக் என்றால் சுமார் இரண்டரை மணி நேரம். டைமரை 180-க்கு மாற்றிப் பக்கத்தில் இருந்தபடி இறக்கலாம். அதைவிடப் பெரிய பேக்கைச் சார்ஜரை மட்டும் வைத்து இறக்குவது வீண் காத்திருப்பு.

கேள்வி: கார் பல்பு போட்டு இறக்கலாமா?

பதில்: தாராளமாக. 6 எஸ் பேக்குக்கு 12 வோல்ட் 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டைத் தொடராக இணையுங்கள். 110 வாட், நாலரை ஆம்பியர் அளவில் ஓடும். மேலே சொன்ன 60 வாட்-மணி அரை மணி நேரத்தில் தீரும். 3 எஸ் பேக்குக்கு ஒரு பல்பு போதும். 4 எஸ் நிறை சார்ஜில் 16.8 வோல்ட், ஒற்றை 12 வோல்ட் பல்பு எரிந்துபோகும், அங்கேயும் இரண்டு வேண்டும். பாசிட்டிவ் ஒயரில் 10 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். பல்பு கண்ணாடி தொட முடியாத சூட்டில் இருக்கும். ஓட்டின் மேலோ செங்கல் மேலோ வையுங்கள், மேசைத் துணி மேல் வேண்டாம்.

பல்புக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஆபத்து அதில்தான். மறந்தால் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய்ப் பேக் பாழாகும். பேலன்ஸ் லீடில் (ஒவ்வொரு செல்லுக்கும் தனியாகப் போகும் மெல்லிய ஒயர்களின் கனெக்டர்) வோல்ட் பஸர், அதாவது வோல்ட் குறைந்தால் ஒலி எழுப்பும் சிறு கருவியைச் செருகி 3.8-க்கு அமையுங்கள். சுமையை எடுத்தவுடன் வோல்ட் சற்று மேலேறும், ஆகவே 3.8 பொருத்தமான அளவு. பிறகு பேலன்ஸ் லீடுடன் சார்ஜரில் ஸ்டோரேஜ் மோடு ஓட்டினால், மிச்ச வித்தியாசத்தை அது சரிசெய்யும். வேலை முடிந்ததும் பஸரைக் கழற்றுங்கள். செருகியபடியே அலமாரியில் வைத்தால், அது சில செல்களிலிருந்து மட்டும் மெல்ல உறிஞ்சிச் சமநிலையைக் கெடுத்துவிடும்.

கேள்வி: மருந்து தெளிக்கும் ட்ரோனுக்கு 22,000 எம்ஏஎச் 6 எஸ் நான்கு. முழுவதும் ஏற்றிய பிறகு மழை பிடித்துவிட்டது. எத்தனை நாள் அப்படியே வைக்கலாம்?

பதில்: இரண்டு மூன்று நாள், அதுவும் நிழலில். வண்டிக்குள் வேண்டாம். நிறை சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் செல் சீக்கிரம் உப்பும். ஒரு பேக்குக்கு 260 வாட்-மணி எடுக்க வேண்டியிருக்கும். 5 வாட் சார்ஜரில் இரண்டு நாளுக்கும் மேல். மழை விட்டதும், டேங்க்கில் வெறும் தண்ணீர் ஊற்றித் திறந்த வெளியில் பறக்கவிட்டு இறக்குவதே மேல். சில உயர்வகைச் சார்ஜர்கள் மின்சாரத்தை 12 அல்லது 24 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். எஸ்எம்பிஎஸ்-ஸில் (வீட்டு மின்சாரத்தை டிசியாக மாற்றித் தரும் பவர் சப்ளை) ஓடும் சார்ஜரில் அந்த வசதியைத் தொடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் திரும்பி வரும் மின்சாரத்தை வாங்காது.

கேள்வி: 18650 (உருளை வடிவ லி-அயான் செல்) பேக்குக்கும் 3.85 தானா?

பதில்: இல்லை. பி6-இல் லி-அயான் தேர்ந்தெடுத்தால் 3.75, லைஃபெ (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்றால் 3.3. வகையை மாற்றி வைத்தால் தவறான இடத்தில் நிற்கும்.

கேள்வி: உப்பிய பேக்கை உப்புத் தண்ணீரில் போட்டால் சார்ஜ் இறங்குமா?

பதில்: நம்ப முடியாது. கனெக்டர் அரித்துத் தொடர்பு விட்டுப்போகும், உள்ளே சார்ஜ் அப்படியே இருக்கும். லேசாக உப்பியிருந்தால் 21 வாட் இண்டிகேட்டர் பல்பைச் செல் எண்ணிக்கைக்கு ஏற்ப மாட்டி, வீட்டுக்கு வெளியே மணல் மேல் வைத்து, வெளிச்சம் முழுவதும் அணையும்வரை இறக்குங்கள். பிறகு மல்டிமீட்டரில் பார்த்து, முனைகளை டேப் சுற்றி, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். கிழிந்திருந்தாலோ, இனிப்பு வாடை வந்தாலோ எதையும் மாட்டாதீர்கள்.