ஐ.டி.ஐ.யில் சேர்த்தால் படிப்பு அதோடு நின்றுவிடுமா?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பில் 287 மதிப்பெண். கணக்கில் 41. வீட்டில் மிக்சி, மோட்டார் எதுவானாலும் பிரித்து மாட்டிவிடுவான். பிளஸ் ஒன் போகமாட்டேன், எலக்ட்ரீஷியன் படிக்கிறேன் என்கிறான். அவன் அப்பாவோ, 'ஐ.டி.ஐ. போனால் காலேஜ் வாசலையே மிதிக்க முடியாது' என்கிறார். தெரிந்தவர் ஒருவர் தனியார் ஐ.டி.ஐ.யில் 65,000 ரூபாய்க்கு இடம் வாங்கித் தருவதாகவும், வெளிநாட்டு வேலை உறுதி என்றும் சொல்கிறார். 10,000 ரூபாய் முன்பணமும் அசல் சான்றிதழ்களும் கேட்கிறார். என்ன செய்யலாம்? (வாசகி, ஆரணி)

பதில்: முதலில் அந்தப் பத்தாயிரத்தைக் கட்டாதீர்கள், அம்மா. சான்றிதழைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் நாளைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

படிப்பு நிற்காது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்த பையன், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பொறியியல் கல்லூரியிலும் அதேபோல நேரடி இரண்டாம் ஆண்டு. ஐ.டி.ஐ. இரண்டு, டிப்ளமோ இரண்டு, பி.இ. மூன்று, ஆக ஏழு வருஷம். பிளஸ் டூ வழியாகப் போனால் ஆறு. கூடுதலாக ஆவது ஒரே ஒரு வருஷம்தான், அதுவும் கையில் ஒரு தொழிலோடு. இந்தக் கணக்கை அவன் அப்பாவிடம் காட்டுங்கள்.

பி.ஏ., பி.காம். மாதிரி கலைக் கல்லூரிக்குத்தான் போகவேண்டும் என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. முப்பது வருஷம் அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்றுநராக இருந்த நான் சொல்கிறேன், இதைத் தெரிந்துவைத்திருக்கும் பெற்றோர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. தமிழக அரசின் ஆணைப்படி, பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், மேல்நிலை வகுப்பின் மொழிப் பாடங்களை, அதாவது தமிழையும் ஆங்கிலத்தையும் மட்டும், தனித்தேர்வராக எழுதித் தேறினால் அவருக்குப் பிளஸ் டூவுக்கு இணையான தகுதி கிடைக்கும். இயற்பியல், வேதியியல் எதுவும் எழுத வேண்டாம். தேர்வை நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். 'இரண்டாண்டு' என்பதை அழுத்திச் சொல்கிறேன். வெல்டர் ஒரு வருஷப் படிப்பு. அதில் சேர்ந்துவிட்டு, 'ஐ.டி.ஐ. முடித்துவிட்டேனே, எனக்கு ஏன் இல்லை?' என்று என் மேஜைக்கு முன்னால் நின்ற பையன்கள் உண்டு. வெல்டர் மட்டமான தொழில் இல்லை, நல்ல வெல்டரின் சம்பளத்தைப் பார்த்து எஞ்சினியர் பொறாமைப்படுவான். ஆனால் இந்தச் சலுகை அவனுக்கு இல்லை. உங்கள் பையன் கேட்கும் எலக்ட்ரீஷியன் இரண்டு வருஷம், ஆகவே அவனுக்கு உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை. படிப்பு முடித்த சூட்டோடு அந்தத் தேர்வை எழுதச் சொல்லுங்கள். வேலைக்குப் போய் நாலு வருஷம் கழித்துத் தமிழ் இலக்கணம் படிக்க எவனும் உட்காரமாட்டான்.

இதையெல்லாம் ஒவ்வொரு பள்ளி வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். இணையதளத்தின் ஒரு மூலையில் கிடக்கிறது. புரோக்கருக்குத் தெரிகிறது, தாய்க்குத் தெரியவில்லை.

சரி, இனி உங்கள் 'தெரிந்தவர்' விஷயம்.

தனியார் ஐ.டி.ஐ. எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'மத்திய அரசு அங்கீகாரம் பெற்றது' என்று வாசலில் போர்டு இருந்தால் மட்டும் போதாது. அங்கீகாரம் கட்டடத்துக்குக் கொடுப்பதில்லை, ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும் தனித்தனியாகக் கொடுப்பது. அதிலும் 'யூனிட்' கணக்கு உண்டு. எலக்ட்ரீஷியன் ஒரு யூனிட் என்றால் 20 பேர். ஒரு நிறுவனத்துக்கு ஃபிட்டரில் இரண்டு யூனிட், எலக்ட்ரீஷியனில் ஒரு யூனிட் அங்கீகாரம் இருக்கும். போர்டும் உண்மைதான். ஆனால் எலக்ட்ரீஷியன் வகுப்பில் 45 பேரை உட்காரவைத்திருப்பார்கள். மிச்சம் 25 பேர் எந்தக் கணக்கில் இருக்கிறார்கள்? அவர்களுக்கு நிறுவனமே அச்சடித்த ஒரு டிப்ளமோ கிடைக்கும், தங்க நிற ஓரம் போட்டு.

அப்படி ஒன்றை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பையன் ரயில்வே தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய், திருப்பி அனுப்பப்பட்டு என்னிடம் வந்தான். நல்ல கனமான காகிதம், இரண்டு முத்திரை, மூன்று கையெழுத்து. தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவைக் குறிக்கும் என்.சி.வி.டி. என்ற எழுத்து மட்டும் எங்கேயும் இல்லை. அசல் தேசியத் தொழிற்சான்றிதழில் கியூஆர் கோடு இருக்கும், போனில் ஸ்கேன் செய்தால் விவரம் வந்துவிடும். இவன் சான்றிதழில் அதுவும் இல்லை. அவன் அம்மா நகையை அடகு வைத்து 70,000 ரூபாய் கட்டியிருந்தார். எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப்போவதில்லை. அதே மாதிரி பத்து இருக்கிறது, பெயரை மாற்றி மாற்றி வரும்.

ஆகவே உங்கள் தெரிந்தவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'எலக்ட்ரீஷியன் பிரிவுக்கு எத்தனை யூனிட் அங்கீகாரம் இருக்கிறது? அந்த ஆணையின் நகலைக் காட்டுங்கள்.' அவர் சிரித்து மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். பதிலாக 'வயர்மேன்' என்று ஆரம்பித்தாலும் கவனம். இரண்டும் ஒன்றுதான் என்பார்கள், ஒன்றில்லை. வயர்மேனுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும்.

அசல் டி.சி., மார்க் ஷீட்டை இடைத்தரகரிடம் கொடுக்கக் கூடாது என்று சொன்னேன் அல்லவா? அவருக்கு அது பிணை. பையன் இடையில் விலகினாலோ, வேறு இடத்தில் இடம் கிடைத்தாலோ, முழுப் பணத்தையும் கட்டினால்தான் திரும்பி வரும் என்பார். சேர்க்கை நாளன்று, அலுவலகத்தில், ரசீது வாங்கிக்கொண்டு கொடுப்பதுதான் முறை.

வெளிநாட்டு வேலைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 15 வயதுப் பையனுக்கு, படிப்பில் சேர்வதற்கு முன்பே, வேலை உறுதி என்பவரை நம்பாதீர்கள். அவன் முடித்து வரும்போது நம்பிக்கையான இடம் வேண்டுமென்றால், தமிழக அரசே 1978-லிருந்து நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் 65,000 தேவையே இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். உங்கள் மாவட்டத்திலேயே, திருவண்ணாமலையில், அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய். சேர்ந்தபிறகு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள் எல்லாம் இலவசம். அரசுப் பள்ளியில் படித்தவனா? தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கேட்டுப் பாருங்கள். 287 மதிப்பெண்ணுக்கு எலக்ட்ரீஷியன் கிடைக்காது என்று புரோக்கர் பயமுறுத்தியிருப்பார். முதல் கலந்தாய்வில் கிடைக்காமல் போகலாம், அந்தப் பிரிவுக்குப் போட்டி அதிகம்தான். ஆனால் கலந்தாய்வு முடிந்த பிறகும் காலியிடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும். 'கடைசித் தேதி முடிந்துவிட்டது' என்று யாரோ சொன்னதை நம்பித் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். நேரில் போய்க் கேளுங்கள். தனியார் ஐ.டி.ஐ.யிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு, அதற்கான பயிற்சிக் கட்டணத்தை அரசே கட்டும். அதையும் அதே கலந்தாய்வில் கேட்கலாம். இதைத்தான் உங்கள் தெரிந்தவர் உங்களிடம் விற்கப் பார்க்கிறாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

பையனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மிக்சி பிரிக்கிறவன் முதல் நாளே மோட்டாருக்குக் காயில் கட்டலாம் என்று நினைத்து வருவான். முதலில் அவன் கையில் கொடுப்பது அரம். இரும்புத் துண்டை வைஸில், அதாவது மேஜையில் பொருத்திய இடுக்கியில் பிடித்து, தட்டையாகும்வரை ராவ வேண்டும். ட்ரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை மேலே வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்போம். இடையில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் திரும்ப ராவு. உள்ளங்கை கொப்புளித்துவிடும். முதல் மாதத்தில் ஓடிப்போகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் ஓடுகிறார்கள். அதைத் தாண்டியவன் பிறகு ஓடமாட்டான். கணக்குப் பிடிக்காது என்றாலும் தப்ப முடியாது, அங்கேயும் கணக்குப் பாடம் உண்டு. ஆனால் ஓம் விதியில் வரும் கணக்கு அவன் பிரித்த மோட்டாருக்குள்ளேயே இருப்பதால் 41 வாங்கியவனுக்கும் ஏறும். பார்த்திருக்கிறேன்.

முடித்ததும் அப்ரென்டிஸ் பயிற்சியை, அதாவது நிறுவனத்திலேயே தொழில் பழகுவதை, விட்டுவிடாதீர்கள். ரயில்வே, பெல், நெய்வேலி நிலக்கரி நிறுவனம், மின்வாரியம் எல்லாம் எடுக்கிறார்கள். 2019-இல் திருத்திய விதிப்படி, ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாய்க்குக் குறையாமல் உதவித்தொகை தரவேண்டும். அது வேலை அல்ல, பயிற்சிதான். முடிந்ததும் அங்கேயே நிரந்தரம் ஆகிவிடும் என்று யாராவது பணம் கேட்டால் அது அடுத்த புரோக்கர். ஆனால் ரயில்வே பணிமனையில் பயிற்சி முடித்தவர்களுக்கு அதன் கடைநிலைப் பணித் தேர்வில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு என்பது உண்மை.

திங்கட்கிழமை காலையில் பையனையும் அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போய்விடுங்கள். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், நாலு போட்டோ, எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். ஆன்லைனில் பதியத் தெரியாவிட்டால் அங்கேயே உதவி மையத்தில் பதிந்து தருவார்கள். அப்படியே ஒர்க்‌ஷாப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று கேளுங்கள். அப்பாவை வைஸ் மேஜைப் பக்கம் கொஞ்ச நேரம் நிற்கவிடுங்கள்.