இருபது நீட்சிகளும் ஒரு சிறிய திரையும்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் வீட்டிலிருந்தபடி மாலையில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்குச் சொல்லித்தருகிறேன். ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்று யார் எதைச் சொன்னாலும் குரோமில் சேர்த்துவிடுவேன். இப்போது நீட்சிகள் (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள், எக்ஸ்டென்ஷன்கள்) இருபதைத் தாண்டிவிட்டன, மடிக்கணினி திணறுகிறது. உண்மையில் வேண்டியவை எவை என்று எழுதுவீர்களா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

இன்றிரவே பெரும்பாலானவற்றை நீக்கிவிடுங்கள். வேகத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு நீட்சியைச் சேர்க்கும்போது, எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்டுச் சிறு பெட்டி ஒன்று வரும். படிக்காமலே சரி என்று அழுத்திவிடுகிறோம். பிறகு பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலும் அதற்குத் தெரியும், நீங்கள் திறக்கும் வங்கிக் கணக்கும் தெரியும்.

'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒன்று இருந்தது. பயன்படுத்தாத டேப்களை உறங்கவைக்கும். லட்சக்கணக்கானோர் நம்பி வைத்திருந்தார்கள். உருவாக்கியவர் 2020இல் அதை வேறு கைக்கு மாற்றினார். 2021 பிப்ரவரியில், அதில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லிக் கூகுள் முடக்கியது. நல்ல நீட்சியும் கைமாறும் என்பதால்தான் இத்தனை அச்சம் எனக்கு. டேப்களை உறங்கவைக்கும் வேலையை இப்போது குரோமே செய்கிறது.

விளம்பரத் தடுப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும் திரையில் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கக் கூடாது. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின், குரோமில் அதன் எளிய வடிவமான யூபிளாக் ஆரிஜின் லைட். வகுப்புக்கென்று உலாவியில் தனி புரொஃபைல் ஒன்றையும் தொடங்குங்கள். வீட்டு டேப்கள் அங்கே எட்டிப் பார்க்காது.

சென்ற மாதம் பேரணாம்பட்டில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு ஏழு மணிக்கு வகுப்பு. அப்பா தோல் தொழிற்சாலையிலிருந்து வந்த பிறகுதான் போன் அவள் கைக்கு வரும். அன்று ஆசிரியர் தன் கணினித் திரை முழுவதையும் பகிர்ந்திருந்தார். எழுத்துகள் எறும்பு வரிசை போல இருந்தன. அவள் இரண்டு விரலால் பெரிதாக்கி ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். மூன்றாவது முறை அவள் பெரிதாக்கவே இல்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எந்தக் கருவியையும் அந்தச் சிறிய திரையில் வைத்துத்தான் நான் எடைபோடுகிறேன்.

அப்படிப் பார்த்தால் உங்களுக்கு முதலில் வேண்டியது, கணித உருவங்களை வரைந்து அசைத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் தொடங்கியது. நீட்சியே தேவையில்லை; வாட்ஸ்அப்பில் சுட்டியை அனுப்பினால், கணக்குத் தொடங்காமலே போனில் திறக்கும். வட்டம் ஒன்று வரைந்து அனுப்புங்கள். ஒரு வில் மையத்தில் தாங்கும் கோணம் 80 பாகை, பரிதியில் தாங்குவது 40. பரிதியிலுள்ள புள்ளியைப் பிள்ளை தன் விரலால் இழுக்கட்டும். கோடுகள் சாயும், நீளும், குறுகும்; 40 மட்டும் அசையாது. இழுத்துக்கொண்டே போய் அந்த வில்லுக்குள் நுழைந்ததும் சட்டென்று 140 ஆகும். ஏன் என்று கேட்டுவிட்டு, விடை சொல்லாமல் அன்றைய வகுப்பை முடித்துவிடுங்கள். இதைக் கரும்பலகையில்கூட இப்படிக் காட்ட முடியாது!

எழுதிக் காட்ட, உலாவியிலேயே திறக்கும் வெண்பலகையான எக்ஸ்காலிட்ரா போதும். ஆனால் எழுதியதை அன்றன்றே படமாகச் சேமித்துவிடுங்கள். பல ஆசிரியர்கள் நம்பியிருந்த ஜாம்போர்டு என்ற இணைய வெண்பலகையை 2024 முடிவில் கூகுள் நிறுத்திவிட்டது.

அடுத்த வகுப்பின் இணைப்பை எனக்கும் அனுப்புங்கள். என்னிடம் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று இருக்கிறது. வைஃபையை அணைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன்; எந்த எழுத்து தெரியவில்லை, எங்கே குரல் அறுந்தது என்று அன்றிரவே எழுதிவிடுகிறேன்.

அன்புடன்