இரண்டாம் தடவை ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) எழுதப்போகும் மகளின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

சனிக்கிழமை ஆலோசனைக்கு வந்து நீங்கள் வெளியே காத்திருந்த நேரத்தில் மகள் என்னோடு கதைத்ததில் ஒரு பகுதியை உங்களிடம் சொல்ல அவள் சம்மதித்திருக்கிறாள். அதைத்தான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் நீங்களும் அழுவீர்கள், அவளும் அழுவாள், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும்.

வந்ததும் நீங்கள் சொன்ன வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது: "மிஸ், ஓ/எல் சோதினையில ஒன்பது ஏ எடுத்த பிள்ளை. இப்ப மேசையில இருக்கிறாள், புத்தகம் திறந்திருக்கு, பக்கம் மட்டும் மாறுதில்லை. சோம்பேறியாயிட்டாள்."

அவளுடைய உயிரியல் கொப்பியை நான் வாங்கிப் பார்த்தேன். முதல் நான்கு பக்கங்களில் மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என்று மூன்று நிறம். ஒரே வரிக்குக் கீழே இரண்டு தடவை, மூன்று தடவை கோடு. ஐந்தாம் பக்கத்திலிருந்து ஒன்றுமில்லை. வெள்ளவத்தையில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும் சத்தத்தை வைத்துத்தான் நேரம் பார்ப்பாளாம். "எட்டரை ரயில் போகேக்கயும் அதே பக்கம், பத்து மணி ரயில் போகேக்கயும் அதே பக்கம் மிஸ்" என்றாள். சோம்பேறிப் பிள்ளை போனை எடுத்துக்கொண்டு படுத்துவிடும், அம்மா. ஒரு பக்கத்தோடு ஒன்றரை மணித்தியாலம் போராடுகிற பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

போன பரீட்சையில் நடந்ததை அவள் உங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை. இரண்டாம் பகுதி வினாத்தாளைத் திறந்ததும் கை சில்லிட்டிருக்கிறது. எழுத்துகள் தெரிந்தன, கருத்து விளங்கவில்லை. கிட்டத்தட்ட இருபது நிமிடம் பேனையைப் பிடித்தபடியே இருந்திருக்கிறாள். பரீட்சை முடிந்து காலி வீதிக்கு வந்து 100ஆம் இலக்க பஸ்ஸுக்கு நின்றபோது, விட்ட கேள்விக்குரிய விடை முழுவதும் வரிசையாக நினைவுக்கு வந்ததாம். இதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

அவள் படித்தது எங்கேயும் போகவில்லை. அதை எடுக்கிற வழிதான் அந்த நேரத்தில் அடைபட்டுப் போனது. மூளையின் ஆழத்தில், பாதாம் பருப்பளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று அது கணித்தால், நாம் யோசித்து முடிக்கும் முன்பே உடம்பை உசுப்பிவிடும். அதிரினல் சுரப்பி வேலை செய்யத் தொடங்கும், இதயம் வேகமாக அடிக்கும், கைவிரல்களுக்குப் போகிற இரத்தம் குறையும். கை சில்லிட்டது அதனால்தான். நாயைக் கண்டு ஓடுவதற்கு இந்த ஏற்பாடு மிக நல்லது. வோல்டர் கெனன் என்ற உடற்றொழிலியலாளர் 1915இல் இதை 'சண்டையிடு அல்லது ஓடு' என்று விளக்கினார். கதிரையில் அசையாமல் இருந்து எழுதவேண்டிய பிள்ளை சண்டையும் போட முடியாது, ஓடவும் முடியாது. அதோடு கோர்ட்டிசோல் என்ற ஓமோன் கூடும்போது, மனதில் பதிந்ததைத் திரும்ப எடுப்பது கடினமாகும். உடம்பு அமைதியானதும் வழி திறக்கும். பஸ் நிறுத்தத்தில் நடந்தது அதுதான்.

உணர்ச்சிக்கு நம் பழைய இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் மெய்ப்பாடு. மெய்யில் தோன்றுவது. அவர்கள் எண்ணிய எட்டில் அச்சமும் ஒன்று. மகளின் அச்சம் கையிலும் வயிற்றிலும் தெரிகிறது. "தைரியமா இரு" என்ற வார்த்தை அங்கே போய்ச் சேராது.

அழுத்தமே கூடாது என்று நான் சொல்லவில்லை. யேர்க்ஸ், டொட்சன் என்ற இருவர் 1908இல் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து ஒரு விதி பிறந்தது. இலகுவான வேலையைக் கூடிய அழுத்தம் கெடுக்காது, சிலவேளை உதவும். கடினமான வேலையில் அழுத்தம் ஓரளவைத் தாண்டினால் திறமை கீழே இறங்கும். ஏ/எல் உயிரியல் இலகுவான வேலை இல்லை. அவள் வைத்திருக்கிற பயமே போதுமான அளவுக்கு மேல். வீட்டிலிருந்து இன்னும் சேர்க்காமல் இருப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி.

நான் சேர்க்கிறேனா என்று கேட்பீர்கள். "அப்பா கட்டார்ல கிடந்து கஷ்டப்படுறதே உனக்காகத்தான்" என்ற வசனம் தினமும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வருகிறதாம். நீங்கள் அதை அன்பில் சொல்கிறீர்கள், எனக்குத் தெரியும். அவளுக்கு அது கடன் கணக்காகக் கேட்கிறது. உடம்பில் அழுத்தம் செய்வதை ஆராய்ந்த ஹான்ஸ் செல்யி 1936இலிருந்து காட்டியது இதுதான்: அழுத்தம் விடாமல் நீடித்தால் உடம்பு முதலில் விழித்தெழும், பிறகு தாங்கிப் பிடிக்கும், கடைசியில் களைத்துப்போகும். ஒரு வருடமாகத் தாங்கிப் பிடித்த பிள்ளை அவள். சாப்பாட்டு நேரத்தை மட்டுமாவது படிப்புக் கதை இல்லாத நேரமாக விட்டுவிடுங்கள்.

மூன்று ஏ எடுத்தால் புது ஐபோன் என்று கனடாவிலிருக்கும் மாமா சொல்லியிருக்கிறார். இதுபற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1973இல் லெப்பர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒரு ஆய்வு செய்தார்கள். படம் வரைய ஆசையுள்ள பிள்ளைகள் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பின்னர் பரிசு இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகளே குறைவாக வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த பிள்ளைகளுக்கு ஆசை அப்படிக் குறையவில்லை. மாமா போன் வாங்கிக் கொடுக்கட்டும், பெறுபேறு என்னவாக இருந்தாலும் கொடுக்கட்டும். மகளுக்கு உயிரியலில் உண்மையான ஆசை இருக்கிறது. மூளையைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியபோது நரம்புக் கலத்தை அவளே என் தாளில் வரைந்து பெயரும் குறித்துக் காட்டினாள். சனிக்கிழமை அவள் சிரித்தது அந்த ஒரு இடத்தில்தான்.

படிக்கும் முறையை மாற்றச் சொல்லியிருக்கிறேன். நிறம் தீட்டித் தீட்டித் திரும்ப வாசித்தால் படித்த திருப்தி வரும், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவ்வளவாக நிற்காது. வாசித்ததை மூடிவிட்டு வெற்றுத் தாளில் நினைவிலிருந்து எழுதுகிறவர்களுக்குத்தான் கூடுதலாக நிற்கிறது என்று 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வு காட்டியது. அதனால் ஒரு பாடத்துக்கு இருபத்தைந்து நிமிட வாசிப்பு, பிறகு கொப்பியை மூடி எழுத்து. கிழமைக்கு ஒரு கடந்தகால வினாத்தாள், மணிக்கூடு வைத்து, வீட்டில் இல்லாமல் நூலகம் போன்ற வேறு இடத்தில். பரீட்சை மண்டபத்தின் பயம் வீட்டு மேசையில் பழகாது. இரவு பன்னிரண்டுக்கு மேல் விழித்திருக்க விடாதீர்கள். படித்தது நிலைக்கிற வேலையில் முக்கியமான ஒரு பகுதி தூக்கத்தில் நடக்கிறது.

ஞாயிறு காலை கொட்டாஞ்சேனை, பின்னேரம் பம்பலப்பிட்டி என்று ஒரே பாடத்துக்கு இரண்டு டியூசன் போகிறாளே, ஒன்றை நிறுத்தவேண்டும். எதை என்று அவள் சொல்லட்டும். தானாக எடுத்த முடிவு ஒன்றாவது கையில் இருக்கிற பிள்ளைக்கு மீதியை இழுத்துக்கொண்டு போகத் தெம்பு வரும்.

ஒன்றில் கவனமாக இருங்கள். தூக்கமும் சாப்பாடும் இரண்டு கிழமைக்கு மேல் கெட்டுப்போனாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரி ஒரு சொல் வந்தாலோ என் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு அழையுங்கள், டொக்டரிடம் கூட்டிப்போங்கள். சனிக்கிழமை அப்படி எதுவும் நான் காணவில்லை.

உளவியல் படிக்கட்டுமா என்று போகும்போது கேட்டீர்கள், "பைத்தியம் பார்க்கிற வேலையா" என்றும் கேட்டீர்கள். மருந்து எழுதுகிற மனநல மருத்துவர் முதலில் மருத்துவம் படித்தவர். உளவியலாளர் வேறு வழியால் வருகிறவர். யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களின் கலைப் பீடங்களில் உளவியல் இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தில் உளவியல் சிறப்புப் பட்டம் இருக்கிறது, அங்கே அனுமதி ஏ/எல் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளி வரிசையில் நடப்பதில்லை. பயோ பாடங்களோடு எதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்தந்த ஆண்டுக் கைநூலில் பார்ப்போம். தனியார் நிறுவனத்தில் சேர்ப்பதானால் பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்துடையது, ஆணைக்குழு ஏற்கிறதா என்று பார்க்காமல் காசு கட்டாதீர்கள். வைத்தியசாலையில் ஆட்களைப் பார்க்க முதற்பட்டம் போதாது, மேற்படிப்பும் மேற்பார்வையோடு பயிற்சியும் வேண்டும். நீண்ட பாதை. ஆனால் தமிழில் மனம்விட்டுக் கதைக்க ஆள் தேடி என்னிடம் வருகிறவர்களை எங்கே அனுப்புவது என்று நான் திண்டாடுகிற நாட்கள் பல. அந்த வேலைக்கு ஆள் வேண்டும்.

இதை இப்போதே தீர்மானிக்கவேண்டியதில்லை. இந்தப் பரீட்சை சரிவராவிட்டாலும் அவளுக்கு இன்னொரு தடவை இருக்கிறது. அதையும் ஒருநாள் சாதாரணமாக அவள் காதில் போட்டு வையுங்கள்.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு அவளைத் தனியாக வரவிடுங்கள். ஐந்தாம் பக்கத்திலிருந்து வெறுமையாகக் கிடக்கிற அந்தக் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.