கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்தும்

கேள்வி: எனக்கு 51 வயது. கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கெழுதுகிறேன். பத்தாவது முடித்த லீவில் காதல் நாவல் படிக்க ஆரம்பித்தவள், இன்னும் நிறுத்தவில்லை. அப்போது வாடகை நூல் நிலையம், அப்புறம் மாத நாவல், இப்போது போன். எதைப் படித்தாலும் மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவேன். அது இரண்டு இடத்தில் வினையாகிவிட்டது. என்னுடன் வேலை பார்க்கும் தோழி ஒரு நாவல் எழுதி, புத்தகமாகவும் போட்டு, எனக்கு ஒரு பிரதி கொடுத்து அபிப்பிராயம் கேட்டாள். அதில் கதாநாயகன் மனைவியைக் கன்னத்தில் அறைகிறான். அடுத்த அத்தியாயத்தில் மல்லிகைப்பூ வாங்கி வருகிறான், அவளும் உருகிவிடுகிறாள். "இவனெல்லாம் ஒரு ஹீரோவா? படிக்கவே கூசுகிறது" என்று சொன்னேன். மூன்று வாரமாக அவள் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. (கதையில் ஓர் இடம் நன்றாகவே இருந்தது. புருஷன் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த டிபன் பாக்ஸைக் கழுவ எடுக்கும்போதே, கனத்தை வைத்து அவன் சாப்பிடவில்லை என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள்.) இரண்டாவது, கல்லூரியில் படிக்கும் என் மகள். தலையணை கனத்துக்கு மாயாஜால நாவல்கள் படிக்கிறாள், எல்லாம் இங்கிலீஷ். "இந்த வயசிலும் டிராகன் கதையா, அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு" என்றேன். "உன் நாவல் மட்டும் என்னவாம், எல்லாம் ஒரே கதை, கடைசியில சேர்ந்துடுவாங்க, அவ்வளவுதானே" என்றாள். இரண்டு நாள் பேச்சு இல்லை. மனதில் பட்டதைச் சொல்வது தப்பா?
பெயர் வேண்டாம், கரூர்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தப்பில்லை. 35 வருஷம் காசும் நேரமும் கொடுத்துப் படித்தவர் அபிப்பிராயம் சொல்லாமல் வேறு யார் சொல்வது? இந்தக் கதைகளை ஒரு பக்கம்கூடப் படிக்காமல் முகம் சுளிக்கிறவர்கள் சொல்லுவதைவிட உங்கள் பேச்சுக்குப் பெறுமதி அதிகம். ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு அபிப்பிராயமும் ஒரே ரகமில்லை. முதலாவது, கதையைப் படித்துவிட்டுச் சொன்னது. இரண்டாவது, அட்டையைப் பார்த்துச் சொன்னது.

அறை விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். பத்து வருஷத்துக்கு மேல் ஒரு பத்திரிகையில் தபாலில் வரும் தொடர்கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலை பார்த்தேன். வாரத்துக்கு நாலு கட்டு வரும். அதில் ஒரு கட்டிலாவது இந்த அறை இருக்கும். கையைப் பிடித்து முறுக்குவான், கட்டாயத் தாலி கட்டுவான், அறையில் பூட்டி வைப்பான். எல்லாவற்றுக்கும் கடைசி அத்தியாயத்தில் ஒரே காரணம்: "உன் மேல் வைத்த அளவு கடந்த காதல்." இப்போது இதற்கு ஆன்ட்டி ஹீரோ கதை என்று பெயரே வந்துவிட்டது. நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. 1972-இல் அமெரிக்காவில் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்ற ஒரு சரித்திரக் காதல் நாவலில், நாயகன் நாயகியை முதல் சந்திப்பிலேயே பலவந்தப்படுத்துகிறான். அவனையேதான் அவள் பிறகு காதலிக்கவும் செய்கிறாள். அதே அச்சில் அங்கே வருஷக்கணக்காக நாவல்கள் வந்தன. அதை மாற்றியதில் பெரிய பங்கு வாசகிகளுக்கு உண்டு. இந்தக் கதைகளை விரும்பிப் படித்த பெண்களேதான் "இது எங்களுக்கு வேண்டாம்" என்று சொன்னார்கள். ஆகவே நீங்கள் சொன்னது அவசியமான பேச்சு.

காதல் நாவலில் நாயகன் முரடனாக இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கோபக்காரன், கஞ்சன், வாய் திறக்காதவன், எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். ஆனால் அறைந்தவன் மாற வேண்டுமென்றால், அந்த மாற்றம் கதைக்குள் நடந்தாக வேண்டும். மல்லிகைப்பூ நாலு முழத்தில் அது நடக்காது. அவள் பிறந்த வீட்டுக்குப் போய் ஆறு மாசம் இருந்து, அவன் தன் முகத்தைத் தானே பார்க்க வேண்டி வந்து, அதற்குப் பிறகும் அவள் வரலாமா வேண்டாமா என்று யோசித்தால் அது கதை.

அப்புறம் உங்கள் மகள் சொன்ன "எல்லாம் ஒரே கதை."

அவள் சொன்னதில் பாதி உண்மை. அதை மறுக்கவே வேண்டாம். காதல் நாவல் முதல் பக்கத்திலேயே வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது: எவ்வளவு அழவைத்தாலும் கடைசியில் கையைப் பிடித்துக் கரை சேர்த்துவிடுவேன். அமெரிக்காவில் 1980-இல் தொடங்கிய காதல் நாவல் எழுத்தாளர் சங்கம் இதை இலக்கணமாகவே வைத்தது. நடுநாயகமாக ஒரு காதல் கதை, மனதுக்கு நிறைவும் நம்பிக்கையும் தரும் முடிவு, இரண்டும் இருந்தால்தான் அது காதல் நாவல். முடிவு தெரிந்துவிட்டதே என்று அதைக் குறை சொல்வது, தாலாட்டைக் கேட்டுவிட்டு "கடைசியில் குழந்தை தூங்கிவிடும்தானே" என்பதுபோல.

ஒரே கதை என்றால் நம் குறுந்தொகையைவிட ஒரே கதை வேறென்ன இருக்கிறது? 401 பாட்டு. தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர்கூடக் கிடையாது. அகப்பாட்டில் பெயர் சொல்லக் கூடாது என்பதே மரபு. சேர்வார்கள், பிரிவார்கள், காத்திருப்பார்கள், ஊடுவார்கள், வருந்துவார்கள். ஐந்தே சங்கதி. ஆனால் வெள்ளிவீதியார் ஒரு பாட்டில் என்ன செய்கிறார் பாருங்கள். காதல் நோயைச் சொல்ல வேண்டும். வெயில் காயும் பாறையில் வெண்ணெய் இருக்கிறது. அதற்குக் காவல் இருப்பவனுக்குக் கையில்லை, பேச்சும் வராது. கண்ணால் பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருக்க முடியும். வெண்ணெய் உருகிப் பரவுகிறது. இதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ பேர் அதே நோயைப் பாடியிருக்கலாம், அந்த வெண்ணெயை வேறு யாரும் உருகவிடவில்லை.

எனவே காதல் நாவலில் பார்க்க வேண்டியது அந்த நடுப்பகுதியை. அவர்களைப் பிரித்து வைத்திருப்பது எது? அங்கேதான் நான் படித்த பெரும்பாலான கட்டுகள் விழுந்தன. ஒரு போன் பேசினால் தீர்ந்துவிடும் சந்தேகத்தை 200 பக்கம் இழுப்பார்கள். அவன் யாரோ ஒரு பெண்ணோடு காரில் போவதை இவள் பார்த்துவிடுவாள், அது அவன் சித்தி மகள் என்று 27-ஆம் அத்தியாயத்தில் தெரியும். இந்த வகைக்கே தாயான ஜேன் ஆஸ்டினின் 1813-ஆம் வருஷத்து நாவல் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’. அதிலும் தப்பாகப் புரிந்துகொள்வதுதான் முடிச்சு. ஆனால் நாயகன் டார்ஸி தன் தரப்பை எழுதிய கடிதம் 35-ஆவது அத்தியாயத்திலேயே நாயகி எலிசபெத் கைக்கு வந்துவிடுகிறது. நாவலில் மொத்தம் 61 அத்தியாயம். மீதி 26-இல் என்ன நடக்கிறது? அவனைப் பற்றிய சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது, இப்போது அவள் தன்னைப் பற்றிச் சந்தேகப்பட ஆரம்பிக்கிறாள். நான் இவ்வளவு நாள் யாரையும் சரியாகப் பார்க்கவே இல்லையா என்று. சித்தி மகள் ரகசியத்தை உடைத்தவுடன் காற்றுப் போகும் கதைக்கும், ரகசியம் உடைந்த இடத்தில் ஆரம்பிக்கும் கதைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வாள்.

சந்தோஷமான முடிவைப் பற்றி இன்னொன்று. அவள் படிக்கும் வகையின் பெரிய ஆசானான டோல்கீன், 1939-இல் ஸ்காட்லாந்தில் ஓர் உரை நிகழ்த்தினார், தேவதைக் கதைகளைப் பற்றி. இவையெல்லாம் வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடும் கதைகள் என்ற குற்றச்சாட்டுக்கு அவர் பதில், சிறையில் கிடப்பவன் வெளியே போக நினைப்பதையும் சிப்பாய் போர்க்களத்தை விட்டு ஓடுவதையும் ஒன்றாக்காதீர்கள் என்பது. அதே உரையில், எல்லாம் கைவிட்டுப் போன நேரத்தில் கதை சட்டென்று நல்ல பக்கம் திரும்பும்போது வரும் மகிழ்ச்சியைத் தேவதைக் கதையின் உச்சம் என்றும் சொன்னார். கடைசியில் சேர்ந்துவிடுவது உங்கள் அலமாரியில் மட்டும் இல்லை, அவள் அலமாரியிலும் இருக்கிறது.

இப்போது நீங்கள் சொன்ன "சின்னப் பிள்ளைகளுக்கு" என்பதற்கு வருகிறேன். இதில் உங்களிடம் கொஞ்சம் கோபம் எனக்கு. மணிமேகலையைச் சின்னப் பிள்ளைகளுக்கான கதை என்போமா? அதில் ஒரு பெண் வானத்தில் பறக்கிறாள், உருமாறுகிறாள், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியால் ஊருக்குச் சோறு போடுகிறாள். தன்னை விரும்பித் துரத்தும் சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்பிக்க, யானைத்தீ என்னும் அடங்காப் பசி நோயால் துடித்த காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், விஞ்சையன், அதாவது வானத்தில் உலவும் வித்தியாதரன், 12 வருஷம் கழித்து அவளைத் தேடி வருகிறான். தன் மனைவி இன்னொருவனோடு பழகுவதாக நினைக்கிறான். அன்று இரவு உதயகுமரனை வாளால் வெட்டிவிடுகிறான். மணிமேகலை அழுகிறாள். எந்த மந்திரம் அவளைக் காப்பாற்றியதோ, அதே மந்திரம் ஓர் உயிரைக் குடித்துவிட்டது.

நல்ல மாயக்கதையை நான் இப்படித்தான் கண்டுபிடிப்பேன். மந்திரத்துக்கு ஒரு விலை இருக்கும், அதை யாராவது கொடுத்தே ஆக வேண்டும். விலையே இல்லாமல், மாட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் புதுசு புதுசாக ஒரு சக்தி முளைத்துக் காப்பாற்றினால் எனக்குப் புத்தகத்தை மூடத் தோன்றும். மகள் வைத்திருக்கும் தடிப் புத்தகங்களில் அந்த ரகமும் இருக்கும். 40 பக்கத்துக்கு ராஜ வம்சப் பெயர்களும் வரைபடமும் வந்து, ஒரு மனிதர்கூட மனதில் நிற்காத ரகமும் இருக்கும். ஆனால் அதைப் படித்த பிறகுதான் நீங்கள் சொல்ல வேண்டும்.

அந்தத் தடிப் புத்தகங்களில் ஆரம்பிக்காதீர்கள், மூச்சு முட்டும். அர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய ‘எ விஸர்ட் ஆஃப் ஏர்த்ஸீ’ இருக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். ஒல்லியான புத்தகம். தீவில் ஆடு மேய்த்த பையன் ஒருவன் மந்திரம் கற்கப் போகிறான். திறமை இருக்கிறது, அதைவிட கர்வம் இருக்கிறது. சக மாணவன் சீண்டியதற்காக, செத்தவளின் ஆவியைக் கூப்பிட்டுக் காட்டுகிறான். கூடவே ஒரு நிழலும் வந்துவிடுகிறது. அவன் முகம் கிழிகிறது, திறந்த வழியை அடைக்கப் போன தலைமை ஆசான் உயிரை விடுகிறார். மீதிக் கதை முழுக்க அந்தப் பையனும் அந்த நிழலும்தான். 51 வயதில் படித்தால் உங்களுக்கு அது பதினெட்டு வயதுக்காரியைவிட நன்றாகவே புரியும். இங்கிலீஷ் தடுக்கினால், இரவு சாப்பாடு முடிந்ததும் ஓர் அத்தியாயம் அவளையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பதிலுக்கு உங்கள் அலமாரியிலிருந்து ஒன்றை நீங்கள் கொடுங்கள். உங்களுக்கு மிகப் பிடித்ததைக் கொடுத்தால், அவள் குறை சொல்லும்போது வலிக்கும். அதனால் இரண்டாவதாகப் பிடித்ததைக் கொடுங்கள். குறை சொன்னால் எந்தப் பக்கத்தில் என்று மட்டும் கேளுங்கள், நீங்களும் பக்கத்தைக் காட்டியே பேசுங்கள். "இதைப் போய்ப் படிக்கிறாயே" என்ற சொல் மட்டும் இரண்டு பக்கமும் வேண்டாம். அது புத்தகத்தை விட்டுவிட்டு ஆளை அடிக்கிறது.

கடைசியாகத் தோழி. "படிக்கவே கூசுகிறது" என்ற சொல்லும் அதே தப்பைத்தான் செய்தது என்று நினைக்கிறேன். அறையைப் பற்றி நீங்கள் சொன்னதை வாபஸ் வாங்க வேண்டாம், வாங்கினால் அவளுக்கே நம்பிக்கை வராது. ஆனால் மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ, வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சமைத்துப் போட்டுவிட்டு ராத்திரியில் உட்கார்ந்து எழுதியிருப்பாள். தன் கைக்காசைப் போட்டு அச்சடித்திருப்பாள். அவள் காதில் விழுந்தது அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான்.

உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் இடத்தை எழுதியிருக்கிறீர்கள். டிபன் பாக்ஸின் கனத்தை வைத்து, அவன் சாப்பிடவில்லை என்று கண்டுபிடிக்கும் இடம். தபாலில் வந்த கட்டுகளில் இப்படி ஓர் இடத்துக்காக நான் மாதக்கணக்கில் காத்திருந்ததுண்டு. மூடியைத் திறக்காமல், ஒரு கேள்வி கேட்காமல், கல்யாண வாழ்க்கை முழுவதையும் அந்தக் கை எடைபோட்டுவிடுகிறது. இதை எழுதத் தெரிந்தவளுக்கு அறையும் மல்லிகைப்பூவும் தேவையே இல்லை. அதை அவளிடம் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் சொன்னதாக இல்லை. திங்கட்கிழமை மதியம் உங்கள் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள், அந்த இடத்திலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்.