128 கோர்களில் ஒன்று மட்டும் திணறுவது ஏன்?

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் உள்ள ஒரு தரவு மையத்தில் பணிபுரிகிறேன். இரண்டு சாக்கெட்டுகளும் (பிராசஸர் பொருத்தப்படும் இடங்கள்) 128 கோர்களும் (பிராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்) கொண்ட எங்கள் லினக்ஸ் சர்வரில், நெட்வொர்க் போக்குவரத்து கூடும் மாலை வேளைகளில் ஒரே ஒரு கோர் 100 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது. மற்றவை ஏறத்தாழ ஓய்வாகவே இருக்கின்றன. இன்டரப்ட்டுகளை, அதாவது கருவிகள் பிராசஸரின் கவனத்தைக் கேட்டு அனுப்பும் அழைப்புகளை, எல்லாக் கோர்களுக்கும் சமமாகப் பிரித்துவிட்டால் சரியாகிவிடுமா?
– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: பிரிக்கத்தான் வேண்டும், ஆனால் 128 கோர்களுக்கும் சமமாகப் பிரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1984-இல் வந்த பிசி ஏடி கணினியில், கருவிகள் பிராசஸரை அழைப்பதற்குப் பயன்பட்ட கம்பித்தடங்கள் 15 மட்டுமே. இன்றைய பெரிய சர்வர்களில் அப்படித் தனிக் கம்பி தேவையில்லை. நெட்வொர்க் கார்டு ஒரு குறிப்பிட்ட நினைவக முகவரியில் ஒரு சிறு மதிப்பை எழுதுகிறது. எந்தக் கோரை அழைக்க வேண்டும், எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்பவை அந்த முகவரியிலும் மதிப்பிலுமே அடங்கிவிடுகின்றன. எம்எஸ்ஐ-எக்ஸ் எனப்படும் இம்முறையில் ஒரு கருவி 2048 இன்டரப்ட்டுகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால், கார்டின் ஒவ்வொரு வரிசைக்கும் (பாக்கெட்டுகள் எனப்படும் தரவுத் துண்டுகள் காத்திருக்கும் க்யூ) தனி இன்டரப்ட்டும் அதற்கென ஒரு கோரும் ஒதுக்க முடிகிறது.

அழைப்பு வந்ததும், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் முழு வேலையையும் அங்கேயே செய்து முடிப்பதில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது தபால்காரர் கூப்பிட்டால் கையெழுத்திட்டுக் கடிதத்தை வாங்கி வைத்துவிட்டு, பிறகு பிரித்துப் படிப்போம் அல்லவா? அதுபோலத்தான் அவசரப் பகுதியைச் சட்டென்று முடித்துவிட்டு, பாக்கெட்டுகளைப் பிரித்து உரிய நிரலிடம் சேர்க்கும் கனமான பகுதியை சாஃப்ட்ஐஆர்க்யூ என்ற அடுத்த கட்டத்துக்குத் தள்ளுகிறது. பாக்கெட்டுகள் வெள்ளமாக வரும்போது அந்த வரிசையின் இன்டரப்ட்டை நிறுத்தி வைத்துவிட்டு, கெர்னலே போய்ப் பாக்கெட்டுகளைத் தொகுதி தொகுதியாக எடுத்துக்கொள்ளும் நாப்பி என்ற ஏற்பாடும் உண்டு. இந்தக் கனமான பகுதி, பெரும்பாலும் இன்டரப்ட் வந்திறங்கிய அதே கோரிலேயே நடக்கிறது. தாங்கள் காணும் 100 சதவீதம் பெரும்பாலும் இதனால்தான் இருக்கும்.

சமப் பங்கீட்டுக்கு நான் தயங்குவதற்குக் காரணம் தூரம். கார்டு ஏதாவது ஒரு சாக்கெட்டுடன்தான் நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும். மறு சாக்கெட்டிலுள்ள கோர் அந்தப் பாக்கெட்டைக் கையாண்டால், தரவு இரு சாக்கெட்டுகளுக்கும் இடையிலான பாதையைக் கடந்துவர வேண்டும்; தாமதம் கூடும். ஆகவே கார்டு இருக்கும் சாக்கெட்டின் கோர்களுக்குள்ளேயே வரிசைகளைப் பிரியுங்கள். அந்தத் தரவைப் பயன்படுத்தும் நிரலையும் அதே பக்கத்தில் ஓடவிடுங்கள்.

அதற்கு முன், ஒவ்வொரு கோருக்கும் வந்த இன்டரப்ட்டுகளின் எண்ணிக்கையைக் காட்டும், ப்ராக் கோப்பகத்திலுள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைச் (/proc/interrupts) சில விநாடி இடைவெளியில் இருமுறை பாருங்கள். கார்டுக்குரிய பல வரிகளிலும் ஒரே கோரின் எண்ணிக்கை மட்டும் ஏறினால் ஒதுக்கீடுதான் பிழை. ஒரே வரி மட்டும் ஏறினால், கார்டு ஒரே வரிசையுடன் இயங்குகிறதா என்று பாருங்கள். பல வரிசைகள் இருந்தும் அப்படியென்றால், ஒரே பெரிய இணைப்பு முழுச் சுமையையும் கொண்டுவரக்கூடும்; பாக்கெட்டுகளின் வரிசைக்கிரமம் குலையாதிருக்க கார்டு ஓர் இணைப்பை எப்போதும் ஒரே வரிசைக்கே அனுப்பும் என்பதால், இன்டரப்ட்டை எங்கு மாற்றினாலும் அந்தச் சுமை மொத்தமாகவே இடம் மாறும். அப்போது போக்குவரத்தைப் பல இணைப்புகளாகப் பிரிப்பதே வழி.

இன்டரப்ட்டுகளைத் தானாகவே கோர்களுக்குப் பங்கிடும் ஐஆர்க்யூபேலன்ஸ் சேவை இயங்கிக்கொண்டிருந்தால், தாங்கள் கையால் செய்த ஒதுக்கீட்டை அது மாற்றிவிடக்கூடும். அதனை நிறுத்துங்கள், அல்லது அந்த இன்டரப்ட்டுகளை மட்டும் அதன் பார்வையிலிருந்து விலக்குங்கள். என்விஎம்இ வட்டுகள் எனப்படும் அதிவேகச் சேமிப்பகங்களின் வரிசைகளுக்கு லினக்ஸ் கெர்னல் பொதுவாகத் தானே கோர்களை ஒதுக்கிவிடுகிறது. அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றை மாற்ற முயன்றால் பிழைச் செய்தியே கிடைக்கும்.