தோலுக்கு அடியில என்ன இருக்கு? மாட்டு டாக்டர் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல சுத்திச் சுத்தி ஒரே எடத்துலதான் வந்து நிக்குது, தோலுக்கும் சதைக்கும் நடுவுல இருக்குற அந்த வழுவழு ஜவ்வு. அதனால எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துட்டேன்.

கறிக்கடையில தோல் உரிக்கிறவரு கத்திய ஓரமா வச்சுட்டு முஷ்டியாலயே தள்றாரு, தோல் சட்டை மாதிரி கழண்டு வருது. எப்படி சார்? (கும்பகோணம்)

தோல் நேரா சதையில ஒட்டியிருக்கலங்க, அதான் விஷயம். நடுவுல வெள்ளையா, ஈரமா, லேசா இழுத்தா நூல் நூலா பிரியுற ஒரு லேயர் இருக்கு. அதுல ரெண்டு வகை நார், கொலாஜன், எலாஸ்டின். நாருக்கு இடையில தண்ணிய இழுத்துப் பிடிச்சு வச்சுக்கற ஹயலுரோனிக் ஆசிட், அந்த வழவழப்பு அதால வர்றது. கொலாஜன் சும்மா இருக்கறப்ப நெளிநெளியா கிடக்கும், தோல இழுத்தா நேராகும், முழுசா நேராயிட்டா அதுக்கு மேல வராது, கைய விட்டா எலாஸ்டின் சுருங்கி தோல பழைய எடத்துக்கே கொண்டாந்துடும். ஆடு வரப்பு தாண்டும்போது காலு எவ்வளவு நீண்டாலும் மேல்தோல் கிழியாம வழுக்கிப் போகுதுல்ல, அதுக்குத்தான் இத்தனை ஏற்பாடும். கடைக்காரரு முஷ்டி போறதும் இதே லேயர் வழியாத்தான், அவரு நார மட்டும் அறுக்குறாரு, சதையத் தொடுறதே இல்ல. உடம்பு சூடா இருக்கும்போதே உரிக்கணும், ஆறிட்டா கொழுப்பு இறுகிப்போய் முஷ்டி உள்ள போகாது. கவனிச்சுப் பாருங்க, முழங்காலுக்குக் கீழ மட்டும் கத்தி எடுப்பாரு, அங்க இந்த லேயர் ரொம்ப மெல்லிசு, தோல் கெட்டியா ஒட்டியிருக்கும். சில பேரு தோல் கழலணும்னு வாயால ஊதுறாங்க, அத மட்டும் தயவுசெஞ்சு வேணாம்னு சொல்லுங்க, கறியில எச்சில் ஏன்?

எங்க உம்பளச்சேரி மாடு ஈ உக்காந்தா அந்த எடத்த மட்டும் சிலிர்க்குது, நம்மளால ஏன் முடியல? (திருத்துறைப்பூண்டி)

அந்த ஜவ்வுக்குள்ளயே மாட்டுக்கு மெல்லிசா, அகலமா ஒரு தசை ஓடுது, எலும்ப அசைக்கிற தசை இல்ல, தோல அசைக்கிறதுக்குன்னே இருக்குறது. ஈ உக்காந்த சேதி முதுகுத்தண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, நெஞ்சுப் பக்கத்துலயும் விலாவுலயும் தோல டப்புன்னு உதறும். தொடைக்குப் பின்பக்கம் இந்த தசை கிடையாது, அங்க வாலுதான் வேலை பாக்கணும். நமக்கு இது பெரும்பாலும் அழிஞ்சுபோச்சு, கழுத்து முன்பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கு, பல்லக் கடிச்சுகிட்டு வாய கீழ இழுத்துப் பாருங்க, கழுத்துல நரம்பு மாதிரி வரிவரியா எழும்பும், அது நரம்பு இல்ல, இந்த தசையோட சொந்தக்காரன். நாய்க்கு அடிபட்டு பின்கால் விழுந்துட்டா, முதுகுல பின்னாலேருந்து முன்னால கிள்ளிக்கிட்டே வந்து, எந்த எடத்துலேருந்து தோல் துடிக்குதுன்னு பாத்து தண்டுவட அடி எங்கன்னு கணிப்போம்.

உள்ளங்கை தோல் மட்டும் ஏன் நகரல? (பாபநாசம்)

அங்க குட்டையா, கெட்டியா நார்க்கட்டு தோல கீழ இருக்குற கெட்டியான நார்த் தகட்டோட இழுத்துக் கட்டியிருக்கு. உள்ளங்கை தோல் வழுக்குச்சுன்னா மம்பட்டிய எப்படிப் பிடிப்பீங்க?

ஆட்டுக்கு தாடைக்குக் கீழ பை மாதிரி தொங்குது, சாயங்காலம் பெருசாகுது, காலையில இல்ல. ஊசியால குத்தி எடுத்துடலாமா? (வேதாரண்யம்)

குத்தாதீங்க. விரலால அழுத்திப் பாருங்க, குழி விழுந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்னா உள்ள இருக்குறது சீழ் இல்ல, நீர். ரத்தத்துல புரதம் கொறஞ்சா தண்ணி ரத்தக்குழாய விட்டு கசிஞ்சு, எங்க எடம் தளர்வா இருக்கோ அங்க போய் தேங்கும். நாள் பூரா தலைய குனிஞ்சு மேயிற ஆட்டுக்கு அது தாடைக்கு அடியில, ராத்திரி தலைய தூக்கிப் படுத்தா வடிஞ்சிடும். நம்ம ஏரியாவுல வாய்க்கால் ஓரம் மேஞ்சா நத்தை மூலமா வர்ற ஈரல் தட்டைப்புழுவத்தான் மொதல்ல சந்தேகப்படணும், ரத்தம் உறிஞ்சுற வயித்துப் புழுவும் இதையே பண்ணும். புழுக்கைய ஆஸ்பத்திரில குடுத்து டெஸ்ட் பண்ணிட்டு மருந்து குடுங்க, கண்ண மூடிட்டு கடையில வாங்கி ஊத்தாதீங்க.

கன்னுக்குட்டிக்கு கழிச்சல், தோல கிள்ளிப் பாக்கச் சொல்றாங்களே, எங்க கிள்ளணும்? (மன்னார்குடி)

கழுத்து பக்கவாட்டுல மடிச்சுத் தூக்கி விடுங்க. உடனே படிஞ்சா சரி, ரெண்டு செகண்டுக்கு மேல கூடாரம் மாதிரி நின்னா ஜவ்வுல தண்ணி வத்திப்போச்சுன்னு அர்த்தம், கண்ணும் உள்ள போயிருக்கான்னு பாருங்க. கிழட்டு மாட்டுக்கும் ரொம்ப எளைச்ச மாட்டுக்கும் சும்மாவே மெதுவாத்தான் படியும், அத வச்சு முடிவு பண்ண வேணாம். கன்னு குடிக்கிற நிலைமையில இருந்தா உப்பு சர்க்கரை கரைசல், படுத்துடுச்சுன்னா நரம்பு வழியாத்தான் டிரிப் போடணும், அந்த நேரத்துல தோலுக்கு ரத்த ஓட்டம் கொறஞ்சிருக்கும், தோலுக்கடியில ஏத்துனா தண்ணி அங்கயே நிக்கும்.

மாட்டுக்கு தொடை வீங்கியிருக்கு, அமுக்குனா நறநறங்குது. (நீடாமங்கலம்)

இதப் படிச்சுட்டு உக்காந்திருக்காதீங்க, காய்ச்சலும் நொண்டலும் சேந்திருந்தா அது சப்பை நோயா இருக்கலாம், உள்ள கிருமி உண்டாக்குற காத்துதான் அந்த சத்தம், இப்பவே டாக்டருக்கு போன் போடுங்க.