அத்தையும் பிள்ளைகளும் குளிக்கும் அறை: டைல்ஸ் வாங்குமுன் தரையைப் பாருங்கள்

சிங்கப்பூரின் அங் மோ கியோவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். 1980இல் கட்டிய நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, சமையலறையை ஒட்டிய குளியலறைதான் எல்லாருக்கும். 72 வயது மாமியார், ஏழு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கையில் 7,000 வெள்ளி. பழைய டைல்ஸ் மேலேயே புதுசு ஒட்டலாமா, கண்ணாடித் தடுப்பு வைக்கலாமா, எந்த ஹீட்டர் நல்லது, பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும் என்று கேட்கிறார். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வீட்டில் இன்னும் உண்டு என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரியை எழுதினாரே, ரொம்ப நல்லது, என் பதிலில் பாதி அதை வைத்துத்தான்.

சகோதரி, டைல்ஸ் கடைக்குப் போகுமுன் கீழ்வீட்டுக்காரரிடம் போங்கள். அவர் குளியலறைக் கூரையில் மஞ்சள் கறை, பெயின்ட் உரிந்த இடம், சொட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மேலே ஒட்டுகிற பேச்சே வேண்டாம், தரையை உடைத்துத்தான் ஆக வேண்டும். கசிவு என்றால் முதலில் வீவக கிளை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், நல்லெண்ணப் பழுதுபார்ப்புத் திட்டத்தில் கசிவைச் சரிசெய்யும் செலவில் பாதியை வீவக ஏற்கிறது, மீதியை மேல்வீடும் கீழ்வீடும் பகிர்ந்துகொள்ளும். நீங்களாக உடைத்துப் பூசி முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும்.

கூரை சுத்தமாக இருந்தால், ஒரு ஐம்பது காசு நாணயத்தை எடுத்துத் தரையில் ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கெட்டியாகக் கேட்டால் சரி. காலிப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி பொக்கென்று சத்தம் வந்தால் அடியில் பிடிப்பு விட்டுவிட்டது, அதன் மேல் எதை ஒட்டினாலும் அதுவும் சேர்ந்து பெயரும். உங்கள் வீட்டு வயதுக்கு என் யோசனை, தரையையும் குளிக்கிற பக்கச் சுவரையும் உடையுங்கள், மற்றச் சுவர்களில் மேலே ஒட்டிக்கொள்ளுங்கள். மேலே ஒட்டும்போது டைலும் பசையுமாக ஒன்றரை சென்டிமீட்டர் உயரும். சுவரில் அது ஒன்றும் செய்யாது. தரையிலோ கதவு இடிக்கும், குளியலறைக்கும் சமையலறைக்கும் இருந்த படி மட்டம் குறைந்து தண்ணீர் அடுப்பு வரைக்கும் வரும், அதைவிட முக்கியமாக, நாற்பது வருஷத்துக்கு மேலான நீர்த்தடுப்புப் பூச்சு அப்படியே அடியில் கிடக்கும். பிடிஓ வீட்டுக்கு, அதாவது முன்பதிவு செய்து வாங்கும் புது வீவக வீட்டுக்கு, வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை: பிளாக் கட்டி முடித்து மூன்று வருஷத்துக்குள் குளியலறை டைல்ஸை உடைக்க வீவக விடாது, அந்தப் பூச்சைக் காப்பாற்றத்தான் அந்த விதி.

அனுமதி வாங்குவது, இரைச்சல் நேரம் பார்ப்பது எல்லாம் ஒப்பந்ததாரர் வேலை. ஆனால் அவர் வீவக பட்டியலில் இருக்கிறாரா என்பதை நீங்களே வீவக இணையத்தில் சரிபாருங்கள். உடைக்கிற வேலை திங்கள் முதல் வெள்ளிவரை காலை 9 முதல் மாலை 5 வரைதான், சனி ஞாயிறு கிடையாது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு வெளியே ஒரு வாரத்தைப் பிடியுங்கள். அத்தையை அந்த உடைக்கிற நாள்களில் வேறு மகன் மகள் வீட்டில் விட்டுவிடுவது அவருக்கு நல்லது. படுக்கையறைக் கழிவறையை அதே சமயத்தில் தொடவே தொடாதீர்கள், வேலை முடியும்வரை எல்லாருக்கும் அந்த ஒன்றுதான்.

இப்போது நான் மிகவும் கெஞ்சிக் கேட்கும் விஷயம். பழைய தரையை எடுத்ததும் நீர்த்தடுப்புப் பூச்சு போடுவார்கள். அன்றைக்கு வேலைக்கு அரை நாள் லீவு போட்டாவது வீட்டில் இருங்கள். இரண்டு கோட் போட வேண்டும், முதல் கோட் காய்ந்த பிறகுதான் இரண்டாவது. தரையும் சுவரும் சேரும் மூலைகளில் வலைத்துணி வைத்துப் பூச வேண்டும், கழிவறைக் குழாயும் தரைச் சாக்கடையும் தரைக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றி இன்னும் கவனமாக, ஏனென்றால் கசிவு அநேகமாக அந்த வாயிலிருந்துதான் வருகிறது. பூச்சு சுவரில் ஏற வேண்டும், குளிக்கிற பக்கம் ஆள் உயரத்துக்கு. அதனால் அந்த ஒரு பக்கச் சுவரை மட்டும் பழைய டைலோடு விடாதீர்கள், தரையோடு சேர்த்து அதையும் உடைக்கச் சொல்லிவிடுங்கள். காய்ந்த பிறகு சாக்கடை வாயை அடைத்து, தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, 24 மணி நேரம் விடச் சொல்லுங்கள். மறுநாள் கோடு எங்கே, தண்ணீர் எங்கே என்று நீங்களே குனிந்து பாருங்கள், கீழ்வீட்டுக் கூரையையும் பாருங்கள், போனில் படம் எடுத்து வையுங்கள். இதற்கு ஒரு நாள் கூடுதலாகும் என்று முனகுகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது வாட்டம். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சாக்கடையை நோக்கிச் சரிய வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பசை காய்ந்ததும், இடுக்குகளை அடைக்கும் கிரவுட் பூசுவதற்கு முன்பே கதவோரம் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாகச் சாய்த்துவிட்டு நின்று பாருங்கள். தோ பாயோவில் நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டில் எல்லாம் பளபளவென்று இருந்தது, ஆனால் கழிவறைக் கோப்பையின் பின்னால் உள்ளங்கை அளவுக்குத் தண்ணீர் தேங்கிவிடும், அந்த வீட்டுப் பாட்டி தினமும் ஒரு துணியோடு குனிந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இன்னமும் அந்தக் குனிந்த முதுகு என் கண்ணில் நிற்கிறது.

தரை டைலுக்கு வருவோம். வழுக்காத தரம் ஆர்10, ஆர்11 என்று பெட்டியில் இருக்கும், எண் கூடக் கூட சொரசொரப்பு கூடும். எண்ணை மட்டும் நம்பாதீர்கள். டைல்ஸ் வாங்க ஜாலான் புசாருக்கோ பாலஸ்டியருக்கோ போகும்போது சின்ன சீசாவில் நல்லெண்ணெய் எடுத்துப் போங்கள். மாதிரி டைலைத் தரையில் வைக்கச் சொல்லி, தண்ணீர் தெளித்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, செருப்பைக் கழற்றிக் குதிகாலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் விநோதமாகப் பார்த்தால் பார்க்கட்டும், சனிக்கிழமை காலையில் அந்தத் தரையில் நிற்கப்போவது உங்கள் அத்தை. ரொம்பச் சொரசொரப்பும் வேண்டாம், சீயக்காயும் எண்ணெயும் பள்ளங்களில் தங்கிவிடும், பிரஷ் போட்டுத் தேய்க்கிறவருக்கு இடுப்பு போகும். நிறம் இடைப்பட்ட சாம்பலோ மண் நிறமோ, கிரவுட்டும் அதே நிறத்தில். வெள்ளை கிரவுட் மஞ்சள் பூசிக் குளிக்கிற வீட்டுக்கு ஒத்துவராது, கறை ஏறினால் போகாது. செலவு தாங்கினால் தரைக்கு மட்டும் எப்பாக்சி கிரவுட் போடுங்கள், அது எண்ணெயைக் குடிக்காது.

கண்ணாடித் தடுப்பு வேண்டாம் என்பேன். நாலு வயதுப் பிள்ளையை முக்காலியில் உட்கார வைத்து வாளியும் மக்குமாகக் குளிப்பாட்ட உங்களுக்குக் கை நீட்ட இடம் வேண்டும், அத்தைக்கு முதுகு தேய்க்க இன்னொருவர் நிற்க இடம் வேண்டும். திரைச்சீலை போதும். அதற்கடியில் சிமென்ட் தடுப்பு கட்டுவார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கால் தடுக்கும். வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் தானாகப் போகும்.

ஹீட்டர் விஷயமும் வாளியை வைத்துத்தான் முடிவாகும். உடனடி ஹீட்டர் ஷவருக்கு நல்லது, ஆனால் ஒரு வாளி வெந்நீர் நிரம்பக் காத்துக் கிடக்க வேண்டும். தொட்டி ஹீட்டரில் குழாயைத் திறந்தால் வேகமாகக் கொட்டும், எண்ணெய்க் குளியல் வீட்டுக்கு அதுதான். அது கனமானது, கெட்டியான செங்கல் சுவரில்தான் மாட்ட வேண்டும், சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில் மின்கசிவுத் தடுப்பான், அதாவது ஆர்சிசிபி, இல்லாமல் இருக்கக்கூடும். 2025 ஜூலை 1க்குப் பிறகு எல்லா வீட்டிலும் அது இருந்தாக வேண்டும் என்பது சட்டம். மின்பெட்டியைத் திறந்து பாருங்கள், இல்லையென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட்டு அதை மாட்டிய பிறகுதான் ஹீட்டர்.

கைப்பிடிக் கம்பிகளை உங்கள் 7,000 வெள்ளியிலிருந்து வாங்காதீர்கள். வீட்டு உரிமையாளர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்து வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால், முதியோர் வசதிக்கான வீவகவின் ஈஸ் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம், வீட்டின் அளவைப் பொறுத்து 95 விழுக்காடுவரை அரசாங்கம் ஏற்கும். டைல்ஸ் வேலை முடிந்த பிறகு வரச் சொல்லுங்கள். கம்பி எங்கே என்பதை அத்தையே சொல்லட்டும்: அவரைக் கோப்பையில் உட்கார வைத்து, எழுந்திருக்கச் சொல்லி, கை தானாக எங்கே சுவரைத் தொடுகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். துண்டு மாட்டும் கம்பியைக் கைப்பிடிக்கு அருகில் வைக்காதீர்கள், அவசரத்தில் அதைப் பிடித்துவிடுவார், அது ஆள் பாரம் தாங்காது.

கழிவறைக் கோப்பை மாற்றுவதென்றால், சுவரிலிருந்து கழிவுக் குழாயின் நடுவரை எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள், அழகு பார்த்து வாங்கி வந்து பொருந்தாமல் திருப்பி எடுத்துப் போனவர்கள் நிறையப் பேர். லேபிளில் தண்ணீர்ச் சிக்கனத்தைக் காட்டும் டிக் குறி அதிகமுள்ளதாகப் பாருங்கள்.

இதற்கெல்லாம் பிறகு அழகு. சுவருக்கு வெளிர் நிறத்தில் 30க்கு 60 சென்டிமீட்டர் டைல்ஸ், இடுக்கு குறையும், துடைக்க எளிது. குழாயை மறைக்கக் கட்டும் பெட்டியின் மேல்பக்கத்தைத் திட்டாக நீட்டச் சொன்னால் எண்ணெய்க் கிண்ணமும் ஷாம்பூவும் வைக்க இடம் கிடைக்கும், பெட்டியில் திறந்து பார்க்க ஒரு கதவு கட்டாயம் வேண்டும். அலமாரி அலுமினியத்தில், தரையைத் தொடாமல். பிள்ளைகளுக்கு அவர்கள் உயரத்தில் ஆளுக்கொரு கொக்கி, அவரவர் பிடித்த நிறத்தில். ஜன்னலோரம் ஒரு மணி பிளான்ட்.

ஒன்று கேட்க மறந்தேன், உங்கள் பிளாக்கில் வீவகவின் வீட்டு மேம்பாட்டுத் திட்டம் நடந்துவிட்டதா? 1997வரை கட்டிய வீடுகள் அதில் வரும், குளியலறை மேம்பாடும் அதில் ஒரு தெரிவு. நடக்கவில்லை, சீக்கிரம் அறிவிப்பு வரும் என்றால், கசிவும் இல்லையென்றால், கைப்பிடிகளை மட்டும் இப்போது போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்.